விதியின் சார்பில் பேசுவது யார்?: பெற்றோர் பார்த்து முடிக்கும் திருமணமும் நம் சமய மரபுகளும்

தமிழ்நாட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் ஒரு வாசகம் அநேகமாக மாறுவதே இல்லை. இறைவன் திருவருளாலும் பெரியோர்கள் நிச்சயித்தபடியும் என்று தொடங்கி, ஆண்டு, மாதம், திதி, நட்சத்திரம், லக்னம் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் மணமக்களின் பெயருக்கு வரும். முதலில் கடவுள், அடுத்துப் பெரியோர்கள், கட்டிக்கொள்ளப் போகிறவர்கள் கடைசி. காதலித்து, வீட்டில் சண்டை போட்டு, சம்மதம் வாங்கியவர்களின் பத்திரிகையிலும் இதே வாசகம்தான்.

இறைவன் அருளுக்கும் பெரியோர் நிச்சயத்துக்கும் என்ன உறவு? பெற்றோர் பார்த்து வைப்பதே நம் சமயங்கள் வகுத்த வழியா, அல்லது ஊர் வழக்கம் முன்னால் போக, சமயம் பின்னால் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டதா? இந்தக் கேள்விக்கு இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பல தரப்புகள் பதில் சொல்லியிருக்கின்றன.

அவற்றுள் சில முக்கியமான பதில்கள் சென்னையின் தென்புறத்திலேயே உருவாயின. இன்று தொழிற்சாலைகளுக்குப் பேர்போன மறைமலை நகர், பல்லாவரத்தில் வாழ்ந்த ஒரு சைவத் துறவியின் பெயரைத் தாங்கியிருக்கிறது. பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் ஊரான குன்றத்தூர் பல்லாவரத்துக்குப் பக்கம். திருமணத்தில் பெண்ணுக்கும் ஆணுக்கும் சம உரிமை கேட்டுத் தீர்மானம் போட்ட 1929-ஆம் ஆண்டு மாநாடு, தெற்கே செங்கல்பட்டில் கூடியது.

சாத்திரம் ஒரே குரலில் பேசவில்லை

பெற்றோர் முடிப்பதே சாத்திர முறை என்பவர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது எண்வகை மணத்தை. மனு அவற்றை வரிசைப்படுத்துகிறார். பிரமம், தெய்வம், ஆரிடம், பிராசாபத்தியம் என்ற முதல் நான்கிலும் தகப்பன் மகளைக் கொடுக்கிறான். நகை பூட்டி, தகுந்தவனை அழைத்துக் கொடுக்கும் பிரமம் தலையாயது. பொருள் கொடுத்துப் பெண் பெறுவது அசுரம். இருவரும் விரும்பிக் கூடுவது காந்தருவம். இன்று மண்டபத்தில் தகப்பன் மடியில் பெண்ணை உட்கார வைத்துச் செய்யும் கன்னிகாதானம் பிரம மணத்தின் வழிவந்தது என்று சொல்லலாம்.

இந்த வாதத்துக்கு வலு உண்டு. ஆனால் அதே நூல்களைத் தொடர்ந்து படித்தால் வேறு குரல்களும் கேட்கின்றன. பூப்படைந்த பெண்ணுக்கு மூன்று ஆண்டுகளில் மணம் முடித்து வைக்காவிட்டால் அவளே தனக்கேற்றவனைத் தேடிக்கொள்ளலாம் என்று மனுவே இடம் தருகிறார். அன்பின் வழிப்பட்டதால் காந்தருவமே எல்லோருக்கும் ஏற்றது என்று சிலர் போற்றுவதாகப் போதாயனர் பதிவு செய்கிறார். காமசூத்திரமும் அதே காரணத்துக்காகக் காந்தருவத்தை உயர்த்திப் பேசுகிறது. தமிழ்நாட்டுப் பிராமணக் குடும்பங்கள் பலவும் பின்பற்றும் ஆபஸ்தம்ப கிருஹ்ய சூத்திரமோ, எவளிடம் மனமும் கண்ணும் ஒன்றுகின்றனவோ அவளிடமே வளம் என்ற கருத்தைச் சொல்லி, வேறெதையும் பார்க்க வேண்டாம் என்பாரும் உண்டு என்கிறது. இங்கே பார்ப்பதும் பிடிப்பதும் ஆணின் மனமும் கண்ணும்தான் என்பதை மறப்பதற்கில்லை.

ஆசுவலாயனர் சொல்லும் ஒரு சோதனை இன்னும் விசித்திரமானது. எட்டு இடங்களிலிருந்து எடுத்த மண்ணை உருண்டையாகப் பிடித்துப் பெண்ணின் முன் வைக்க வேண்டும். இருபோகம் விளையும் வயல், மாட்டுத் தொழுவம், வேள்வித் திடல், வற்றாத மடு, சூதாடும் இடம், நாற்சந்தி, களர் நிலம், சுடுகாடு. அவள் எந்த உருண்டையைத் தொடுகிறாளோ அதை வைத்துக் குடும்பத்தின் எதிர்காலம் கணிக்கப்படும். பெண்ணின் கை எடுக்கிறது; எடுக்க வைப்பது விதி; பலன் சொல்வது மூன்றாவது ஆள். தினம், கணம், ரஜ்ஜு என்று பத்துப் பொருத்தம் பார்க்கும் இன்றைய முறையிலும் இதே அமைப்பு இருக்கிறது. ஒரே வேறுபாடு, பெண்ணின் கைக்கு அங்கே வேலையில்லை. பிறந்த நேரம் போதும்.

சாத்திரத் தரப்பின் பெரிய பலவீனம், வழக்கத்தின் முன் அது பலமுறை வளைந்து கொடுத்திருப்பது. தாய்மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பதைத் தென்னாட்டுக்கே உரிய வழக்கங்களில் ஒன்றாகப் போதாயனர் பட்டியலிடுகிறார். வடக்கே அது குற்றம், தெற்கே குற்றமில்லை என்பது அவர் கண்ட சமரசம். 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமும் நெருங்கிய உறவில் மணப்பதைத் தடுத்துவிட்டு, வழக்கம் இருந்தால் விலக்கு என்று அதே வழியில் போகிறது. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் கால்பங்குக்கு மேற்பட்ட திருமணங்கள் இன்றும் உறவுக்குள் நடக்கின்றன. முறைப்பெண்ணும் முறைமாப்பிள்ளையும் எந்த வேதத்திலிருந்தும் வரவில்லை.

வயதும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டியது. பூப்புக்கு முன்பே மணம் முடிக்க வேண்டும் என்று பிற்கால நூல்கள் வற்புறுத்த வற்புறுத்த, பெண்ணின் விருப்பம் என்ற கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று. எட்டு வயதுக் குழந்தையிடம் எதைக் கேட்பது? பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வயது வரம்பு வைத்த 1929 சாரதா சட்டத்தை மதத்துக்கு ஆபத்து என்று எதிர்த்தவர்கள், சட்டம் தொட்ட இடத்தைச் சரியாகவே உணர்ந்திருந்தார்கள் என்று தோன்றுகிறது.

களவுக்கு ஒரு தெய்வ நூல்

எதிர்த்தரப்பு சங்க இலக்கியத்தைக் காட்டும். தமிழர் ஆதியில் காதலித்தே மணந்தனர், பெற்றோர் ஏற்பாடு ஆரியர் கொண்டுவந்தது என்பது இருபதாம் நூற்றாண்டில் பரவலாகப் பேசப்பட்ட நிலைப்பாடு. அதற்குச் சான்றுகள் உண்டு. அகநானூற்றின் 86-ஆம் பாட்டில் வரும் மணத்தில் தீவலமும் இல்லை, புரோகிதரும் இல்லை. புதுமணல் பரப்பிய பந்தல், உளுந்துப் பொங்கல், நல்ல நாளின் விடியல், மகன் பெற்ற பெண்கள் நால்வர் சேர்ந்து மணமகளை நீராட்டுவது, அவ்வளவுதான் சடங்கு.

இறையனார் களவியலின் கதை இன்னும் வியப்பானது. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சத்துக்குப் பின் பொருளிலக்கணம் அறிந்தவர் கிடைக்காமல் அரசன் வருந்த, ஆலவாய்ச் சிவன் தானே அறுபது சூத்திரங்கள் இயற்றித் தந்ததாக மரபு. அந்த நூலின் முதன்மைப் பொருள் களவு. ஊரறியாமல் இருவர் கூடும் ஒழுக்கத்துக்குக் கடவுளே இலக்கணம் எழுதினார் என்று நம்பிய சமூகம் இது. மாணிக்கவாசகரின் பெயரில் வழங்கும் நானூறு பாட்டுத் திருக்கோவையார் களவில் தொடங்கிக் கற்பில் முடிகிறது. சைவர்கள் அதைத் திருமுறையில் வைத்துப் போற்றுகிறார்கள்.

ஆனால் 'தடையற்ற காதல்' என்ற படம் முழுமையானதல்ல. தொல்காப்பியம் களவோடு நிற்கவில்லை. கொடுப்பதற்கு உரியவர்கள் கொடுக்கப் பெறுவதே கற்பு என்று அது வகுக்கிறது. பொய்யும் வழுவும் தோன்றிய பிறகே சடங்கு ஏற்பட்டது என்றும் சொல்கிறது. காதலித்தவன் பின்னர் இல்லையென்று மறுத்தான். அதைத் தடுக்கச் சாட்சி தேவைப்பட்டது. அன்றியும் தலைவனும் தலைவியும் பிறப்பு, குடிமை, ஆண்டு, உருவு, திரு உள்ளிட்ட பத்து வகையில் ஒத்திருக்க வேண்டுமாம். இன்றைய மணமகள் தேவை விளம்பரத்தின் கட்டங்களோடு அந்தப் பட்டியல் கணிசமாக ஒத்துப்போகிறது. சிலப்பதிகாரத்துக்கு வரும்போது பதினாறு வயதுக் கோவலனுக்கும் பன்னிரண்டு வயதுக் கண்ணகிக்கும் பெற்றோர் நாள் குறித்து, யானை மேல் மகளிரை ஏற்றி ஊரை அழைத்து, தீவலம் வரச் செய்துவிடுகிறார்கள்.

இதில் அதிகம் பேசப்படாத ஓர் அம்சம் உண்டு. களவில் இருவரும் எதிர்ப்படுவதையே தொல்காப்பியம் அவர்களின் தேர்வாகப் பார்க்கவில்லை. உயர்ந்த ஊழ் ஒன்று கூட்டிவைப்பதால்தான் அவர்கள் சந்திக்கிறார்கள். தாரமும் குருவும் தலைவிதி என்று இன்று பெண் பார்த்துவிட்டு வந்து பாட்டிமார் சொல்வதும் அதே ஊழைத்தான். காதலுக்குக் காரணம் சொன்ன கோட்பாடு, ஏற்பாட்டுக்குக் காரணமாக இடம் மாறியிருக்கிறது. தனியொரு மனிதரின் விருப்பம் தன்னளவில் போதுமான நியாயம் என்று இரண்டு தரப்பும் கருதவில்லை. விதியே சேர்க்கிறது என்பதில் பெரும்பாலும் ஒற்றுமை. விதி என்ன சொன்னது என்று அறிவிக்கும் உரிமை யாருக்கு என்பதிலேயே சண்டை.

தெய்வம் தரகரானபோது

பக்தி இலக்கியம் அந்த உரிமையைக் கடவுளிடமே கொடுத்தது. விளைவுகள் குடும்பங்களுக்கு வசதியாக அமையவில்லை.

பெரியபுராணத்தின் நாயகரான சுந்தரருக்குப் பெற்றோர் முறைப்படி பெண் பார்த்தார்கள். புத்தூர்ச் சடங்கவி சிவாசாரியாரின் மகள். குலமும் மரபும் பொருந்திய இடம். மணநாளன்று வெண்ணெய்நல்லூரிலிருந்து ஒரு கிழவர் அடிமை ஓலையோடு வந்து கல்யாணத்தை நிறுத்தினார். வந்தவர் சிவபெருமான். பிறகு அதே சிவன், திருவாரூரில் கணிகையர் குலத்துப் பரவையாரையும், திருவொற்றியூரில் வேளாளர் மகளான சங்கிலியாரையும் சுந்தரருக்குச் சேர்த்து வைக்கிறார். மகிழ மரத்தடியில் பிரியேன் என்று செய்த சத்தியத்தை மீறியதும் சுந்தரரின் கண் போகிறது. சங்கிலி விஷயம் தெரிந்து பரவையார் கதவடைத்தபோது, திருவாரூர்த் தெருவில் நள்ளிரவில் இருமுறை தூது நடந்தவரும் சிவனே. பொருத்தமான இடத்தை நிறுத்திவிட்டுச் சாதி கடந்த காதலுக்குக் கால்நோக அலைந்த கடவுளைச் சைவம் கொண்டாடுகிறது.

சீர்திருத்தவாதிகள் இந்தக் கதையைப் பிடித்துக்கொள்வது இயல்பு. ஆனால் மணமேடையில் விடப்பட்ட அந்தப் புத்தூர்ப் பெண் என்ன ஆனாள்? சுந்தரரையே நினைந்திருந்து சிவலோகம் சேர்ந்தாள் என்று சேக்கிழார் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறார். அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது.

திலகவதியாரின் கதை நேர்மாறு. கலிப்பகையாருக்கு அவரைப் பெற்றோர் பேசி வைத்தார்கள். மணம் நடக்கும் முன் பெற்றோரும் இறந்தனர், கலிப்பகையாரும் போர்க்களத்தில் மாண்டார். பேச்சே திருமணம் என்று அவர் கொண்டார். உயிர்விடத் துணிந்து, தம்பி நாவுக்கரசருக்காக வாழ்ந்தார். இங்கே ஏற்பாட்டுத் திருமணம் துறவுக்கு நிகரான விரதமாகிறது. காரைக்காலில் புனிதவதிக்குப் பார்த்த மாப்பிள்ளை, மனைவியின் தெய்வத்தன்மை கண்டு பயந்து பாண்டிய நாட்டுக்குப் போய் வேறு மணம் செய்துகொண்டார். திருவில்லிபுத்தூர் ஆண்டாளோ மனிதனுக்கு வாழ்க்கைப்படவே மறுத்தவர். அவர் கனவில் கண்ட கல்யாணத்தைப் பாடும் வாரணமாயிரம், வைணவ வீடுகளில் பெற்றோர் பார்த்து முடித்த திருமணங்களில் ஓதப்படுகிறது. இந்த முரண் யாரையும் உறுத்துவதாகத் தெரியவில்லை.

கோயில்களிலும் இரண்டு வழியும் அருகருகே இருக்கின்றன. முருகனுக்குத் தெய்வயானை இந்திரன் கொடுத்த பெண். வள்ளி தினைப்புனத்துக் களவு. கோவளத்தை அடுத்த திருவிடந்தையில், காலவ முனிவரின் 360 மகள்களை நாளொருவராக வராகப் பெருமாள் மணந்தார் என்பது தலபுராணம். பெண்ணைப் பெற்ற தகப்பனின் கவலையைக் கடவுளே இறங்கி வந்து தீர்த்த கதை அது. வரன் தட்டிப்போகிறவர்கள் அங்கே மாலை வாங்கிச் சாத்தி, ஒன்றைப் பெற்று அணிந்து, பிராகாரத்தை ஒன்பது முறை சுற்றி, மாலையை வீட்டில் வைத்திருந்து, கல்யாணம் முடிந்ததும் தம்பதியாகத் திரும்பி வருகிறார்கள். பெருமாளிடம் வேண்டுவது நல்ல இடம் அமைய. இடம் எந்தச் சாதியில் என்பதை ஏற்கெனவே வீட்டில் முடிவு செய்திருப்பார்கள்.

பல்லாவரமும் செங்கல்பட்டும்

நாகப்பட்டினத்தில் 1876-இல் பிறந்த வேதாசலம், 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். பிறகு பல்லாவரத்தில் குடியேறித் துறவு மேற்கொண்டு, மறைமலையடிகளானார். 1907-இல் அவர் தமிழாக்கிய நாடகம் சாகுந்தலம். காட்டில் காந்தருவ மணம், அரசவையில் கணவன் மறுப்பு, சாட்சிக்கு மோதிரமும் இல்லை. தொல்காப்பியம் அஞ்சிய பொய்யும் வழுவும் காளிதாசனின் ஐந்தாம் அங்கத்தில் அப்படியே அரங்கேறுகின்றன. அந்த நாடகத்துக்குத் தனி ஆராய்ச்சி நூலும் எழுதியவர் அடிகள்.

சைவத்துக்குச் சாதி வேற்றுமை அயலானது என்பது அவர் தரப்பு. போலிச் சைவரைச் சாடி நூலே எழுதினார். வடமொழி மந்திரத்தையும் புரோகிதரையும் விலக்கித் தேவார திருவாசகம் ஓதி மணம் முடிக்கும் வழக்கம், அவரைப் போன்ற சைவத் தமிழறிஞர்களின் செல்வாக்கில் பரவியது. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில், மணப்பெண் முதலில் சோமனுக்கும், பிறகு கந்தர்வனுக்கும், அதன்பின் அக்கினிக்கும் உரியவளாயிருந்தாள் என்ற பொருள்பட ஒரு மந்திரம் வருகிறது. அது தமிழ்ப் பெண்ணுக்கு இழிவு என்று சீர்திருத்தத் தரப்புகள் மேடைதோறும் பேசின. வளரும் பருவங்களின் காவல் தேவதைகளே அவர்கள் என்பது வைதிகர்களின் விளக்கம்.

ஆனால் ஓதுவது எந்த மொழியில், ஓதுபவர் யார் என்பவையே இந்த விவாதத்தை ஆட்கொண்டன. துணையைத் தேர்வது யார் என்பது பின்னுக்குப் போயிற்று. வேளாளர் நாகரிகத்தைப் போற்றி எழுதிய அடிகளின் சைவம், சாதியைக் கொள்கையில் மறுத்த அளவுக்குக் கல்யாணப் பந்தலில் உடைத்ததா என்று கேட்க இடமிருக்கிறது. திருமுறை ஓதிய மணங்களும் ஜாதகம் பார்த்து, சாதிக்குள் நடக்க முடியும், நடக்கின்றன.

அந்த இடத்தைத் தொட்டது சுயமரியாதை இயக்கம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண மாநாடு, பெண்ணின் மண வயது 16-க்கு மேல் இருக்க வேண்டும், ஒத்துவராத மணத்தை முறித்துக்கொள்ள உரிமை வேண்டும், கைம்பெண்கள் மறுமணம் செய்யலாம், சாதி மதம் பாராமல் துணையைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்று தீர்மானித்தது. கடவுள், விதி, பெரியோர் மூன்றையும் சேர்த்து அகற்றிவிட்டு இருவரின் ஒப்பந்தத்தை மட்டும் மிச்சம் வைத்த நிலைப்பாடு அது. அடிகளுக்கும் இயக்கத் தலைவர் பெரியாருக்கும் 1928 வாக்கில் கடும் மோதல்; ஆனாலும் 1937-க்குப் பிறகு இந்தி எதிர்ப்பில் இருவரும் ஓரணி. ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' பட்டம் வழங்கிய 1938 பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அடிகளின் மகள் நீலாம்பிகை.

சுயமரியாதைத் தரப்பிலும் பலவீனம் இல்லாமலில்லை. சடங்கை நீக்குவது ஒரு நாள் வேலை. சாதியை நீக்கினால் சம்பந்தி வீடு, சொத்து, ஊர்ப் பேச்சு என்று வாழ்நாள் முழுதும் விலை கொடுக்க வேண்டும். தலைவர் வந்து வாழ்த்தி நடத்திய மணங்களிலும் கணிசமானவை ஒரே சாதிக்குள் பெற்றோர் பேசியவையே என்பது இயக்கத்துக்குள்ளேயே எழுந்த குறை.

சமயத்தைக் கழித்துப் பார்த்தால்

சமயக் கொள்கையே ஏற்பாட்டுத் திருமணத்தின் வேர் என்றால், கொள்கை வேறான இடத்தில் அது இருக்கக் கூடாது. கத்தோலிக்கத் திருச்சபை 1563-இல் திரெந்து பொதுச்சங்கத்தில், பெற்றோர் சம்மதமில்லை என்பதற்காக மணம் செல்லாமல் போகாது என்று அறிவித்தது. இஸ்லாமிய நிக்காஹ் ஓர் ஒப்பந்தம். சம்மதமும் மஹரும் அதன் உயிர். ஆனால் தமிழ்க் கிறித்தவர்களும் முஸ்லிம்களும் பெரும்பாலும் பெற்றோர் பார்த்தே மணக்கிறார்கள். கிறித்தவ மணமகள் தேவை விளம்பரங்களில் சாதிப் பெயர் கூசாமல் நிற்கிறது. சமயத்தைவிடச் சாதியும் சொத்தும் வலிய காரணங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அம்பேத்கர் 1916-லேயே இதைச் சொன்னார்: சாதிக்குள்ளேயே மணக்கும் அகமணமே சாதியின் சாரம். ஆனால் 1936-இல் ஒரு படி மேலே போய், மக்கள் கலப்பு மணத்துக்குத் தயங்குவது சாத்திரங்களைப் புனிதமென நம்புவதால்தான் என்றார். முதல் கூற்று சமூகவியல், இரண்டாவது சமய விமர்சனம்; இரண்டும் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது இன்றும் விவாதத்துக்குரியது. காந்தி முதலில் கலப்பு மணத்தை ஆதரிக்கவில்லை. தம் மகன் தேவதாஸும் ராஜாஜியின் மகள் லட்சுமியும் காதலித்தபோது, இரு தந்தையரும் அவர்களைச் சில ஆண்டுகள் பிரிந்திருக்கச் சொன்னார்கள். பிரிவிலும் மாறாத அன்பு மோகமாக இருக்காது என்பது கணக்கு. 1933-இல் புனாவில் மணம் நடந்தது. பிராமணப் பெண், வைசிய மாப்பிள்ளை. சாதியைப் பெற்றோர் விட்டார்கள், சோதிக்கும் உரிமையை விடவில்லை.

இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு 2011–12-இல் கண்டபடி, சாதி மாறிய திருமணங்கள் ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே. இணையவழி மணத் தகவல் நிறுவனங்கள் தரகரின் பையைக் கைப்பேசிக்குள் கொண்டுவந்தன. பிள்ளைகளே தேடுகிறார்கள், பிள்ளைகளே பேசுகிறார்கள். உட்பிரிவையும் நட்சத்திரத்தையும் குறிக்கும் கட்டங்கள் மட்டும் நிரம்பியபடியே இருக்கின்றன. இதை ஏற்பாடு என்பதா, தேர்வு என்பதா? பழைய வகைப்பாடு இரண்டும் இங்கே சரியாகப் பொருந்தவில்லை.

தீராதவை

சட்டம் இந்தக் கேள்வியைச் சடங்கின் வழியாகவே சந்தித்திருக்கிறது. 1934-இல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953-இல் தீர்ப்பளித்தது. அண்ணா முதலமைச்சரானபின் வந்த திருத்தம், இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு எவர் முன்னிலையிலும், தெரிந்த மொழியில் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாலோ, மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும். வேறு மாநிலங்களுக்கு இது பொருந்தாது. உரிய சடங்குகள் நடக்காமல் இந்துத் திருமணம் ஆகாது என்று 2024-இல்கூட உச்ச நீதிமன்றம், வேறொரு வழக்கில் 7-ஆம் பிரிவை வைத்துச் சொன்னது. ஒரே சட்டத்துக்குள் திருமணம் தமிழ்நாட்டில் ஒப்பந்தத்துக்கு அருகிலும் பிற மாநிலங்களில் சம்ஸ்காரத்துக்கு அருகிலும் நிற்கிறது.

நூல்களை வைத்து இதுவரை நிறுவக்கூடியது ஓரளவே. பெற்றோர் ஏற்பாட்டைச் சாத்திரம் உயர்த்தியது, ஆனால் கட்டாயமாக்கவில்லை. சங்க மரபு காதலைப் பாடியது, ஆனால் கொடுப்போர் கையிலேயே ஒப்படைத்தது. பக்தி இரண்டையும் மீறியது, ஆனால் அடியார்களுக்கு மட்டும் அந்தச் சலுகையைத் தந்தது. பெண்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு ஆண்டாள், காரைக்கால் அம்மையார் போன்ற சில குரல்களைத் தவிரச் சான்று மெலிவு. அவர்களும் திருமணத்தை விட்டு வெளியேறியவர்கள். இல்லறத்துக்குள் இருந்தவர்களின் சம்மதத்தை எந்த மரபும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை.

சாட்சி என்ற பழைய கேள்வியும் இப்போது தலைகீழாகியிருக்கிறது. களவில் கூடியவன் மறுத்துவிடக் கூடாது என்பதற்காக ஊரறியச் சடங்கு வந்தது. அது பெண்ணுக்குக் காவல். 2016-இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடந்த, சாதி மாறி மணந்த சங்கரின் கொலை போன்றவற்றுக்குப் பிறகு, சாதி மாறி மணப்பவர்களுக்கு ஊரறிவதே ஆபத்து. 7-ஏ பிரிவின்கீழ் நடக்கும் மணத்துக்குப் பொது அறிவிப்புத் தேவையில்லை என்றும், வழக்கறிஞர்கள் நண்பர்களாக நின்று நடத்தி வைக்கலாம் என்றும் 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, எதிர்ப்பைச் சந்திக்கும் ஜோடிகளின் உயிரைக் கருத்தில் கொண்டது. அப்படி யாருக்கும் தெரியாமல் நடந்த மணத்தைப் பின்னாளில் ஒருவன் மறுத்தால், சகுந்தலையின் நிலைக்கு ஆளாகும் பெண்ணுக்கு எந்தச் சாட்சி துணை நிற்கும் என்பதற்குச் சாத்திரமும் சீர்திருத்தமும் சட்டமும் இன்னும் ஒத்த பதில் தரவில்லை.